விற்ற பைபிளைத் திரும்ப வாங்கிய ரோம்: 1590 சிக்ஸ்துஸ் வுல்காத்தா – ஒரு நிகழ்வு ஆய்வு

16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக் காலத்துக் கத்தோலிக்க அச்சுப் புத்தகங்களில் எது அரிது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எப்படி அரிதானது என்று கேட்டால், 1590இல் வத்திக்கானில் அச்சான லத்தீன் பைபிளுக்கு ஈடான கதை வேறு இல்லை என்பது என் கட்சி.

பொதுவாகப் பழைய புத்தகங்கள் அரிதாவதற்கு இரண்டு காரணம் சொல்வோம். ஒன்று, புழங்கிப் புழங்கியே தேய்ந்து போவது. நம் பக்கத்து 'தம்பிரான் வணக்கம்' அந்த வகை. 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் அச்சிட்ட 16 பக்க மறைக்கல்விப் புத்தகம் அது. அந்தச் சின்னப் புத்தகத்தை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்க மாட்டார்கள், இன்று ஒரு பிரதியைப் பார்க்க ஹார்வர்டு நூலகத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, எதிரி பிடித்து எரிப்பது. அந்த நூற்றாண்டில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இரண்டு தரப்பும் அதைச் செய்தார்கள். 1590 பைபிள் இரண்டிலும் சேராது. ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற திருத்தந்தையே உட்கார்ந்து திருத்தி, தன் சொந்த அச்சகத்தில் அச்சிட்டு, இதை மாற்றினால் திருச்சபைக்கு வெளியே போக வேண்டியதுதான் என்று மிரட்டி வெளியிட்ட புத்தகம் அது. அவர் இறந்த பத்து நாளுக்குள் அவருடைய கர்தினால்களே விற்பனையை நிறுத்தினார்கள், அப்புறம் விற்றதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

எங்கே ஆரம்பித்தது

1546 ஏப்ரல் 8 அன்று, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் ஒரு முடிவு எடுத்தது. பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் வுல்காத்தா என்னும் லத்தீன் மொழிபெயர்ப்புதான் பொது வாசிப்புக்கும் வாதத்துக்கும் போதனைக்கும் அதிகாரபூர்வமானது, அதை முடிந்தவரை பிழையில்லாமல் அச்சிட வேண்டும் என்று அறிவித்தது. கேட்க எளிமையான விஷயம். ஆனால் 'வுல்காத்தா' என்று ஒற்றைப் புத்தகம் எங்கேயும் கிடையாது. ஆயிரம் வருஷமாகக் கையால் பிரதி எடுத்து எடுத்து ஆளுக்கொரு பாடமாக, அதாவது சொல்லுக்குச் சொல் வேறுபட்ட வடிவங்களாகக் கிடந்தது, அதன் மேல் அச்சகங்கள் வேறு தங்கள் பங்குக்கு வேறுபாடுகளைச் சேர்த்திருந்தன. லூவேன் இறையியலாளர்கள் 1547இல் ஒரு பதிப்பு கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பே பாரிஸில் ரொபேர் எத்தியென் ஓலைச்சுவடி ஒப்பிடுவது மாதிரி கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு நல்ல பதிப்புகள் போட்டிருந்தார், ஆனால் அவர் ஜெனீவாவுக்குப் போய் கால்வின் பக்கம் சேர்ந்துவிட்டதால் ரோமுக்கு அவரை வெளிப்படையாகப் பாராட்ட வழியில்லை.

ரோமில் ஒரு குழு, அப்புறம் இன்னொரு குழு என்று நாற்பது வருஷம் ஓடியது. புராட்டஸ்டண்ட் தரப்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அதிகாரபூர்வம் என்று அறிவித்தீர்களே, அது எங்கே என்று கேட்பது அவர்களுக்குக் கை வந்த கலையாகிவிட்டது.

1585இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தையாக வந்தார். பிரான்சிஸ்கன் சபைத் துறவி, இயற்பெயர் பெலிச்சே பெரெத்தி. கையில் எடுத்ததை முடிக்காமல் தூங்காத ஆள். புனித பேதுரு சதுக்கத்தில் இன்று நிற்கும் எகிப்தியக் கல்தூணை 1586இல் நகர்த்தி நிறுத்தியது அவர் காலத்தில், பேதுரு ஆலயத்தின் குவிமாடத்தைக் கட்டி முடித்தது அவர் காலத்தில், வத்திக்கான் நூலகத்துக்குப் புதுக் கட்டடம் அவர் காலத்தில். 1587இல் வத்திக்கானுக்கென்று ஓர் அச்சகமும் தொடங்கினார், வெனிஸில் இருந்து வந்த தொமேனிக்கோ பாசா பொறுப்பில். இத்தனையும் ஐந்தரை வருஷத்துக்குள்.

பைபிளுக்கு 1586இல் கர்தினால் அந்தோனியோ கராபா தலைமையில் குழு போட்டார். குழு ஒழுங்காகவே வேலை பார்த்தது. மோந்தே அமியாத்தா மடத்தில் இருந்த மிகப் பழைய கையெழுத்துப் பிரதியை வரவழைத்துப் பார்த்தார்கள், 1583இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான ஒரு பைபிளின் ஓரங்களில் தங்கள் திருத்தங்களை எழுதிக்கொண்டே போனார்கள். 1589 தொடக்க வாக்கில் அந்தப் பிரதி திருத்தந்தையின் மேசைக்குப் போனது. சிக்ஸ்துஸ் அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, பெரும்பாலான திருத்தங்களை ஒதுக்கிவிட்டுத் தானே திருத்த உட்கார்ந்தார். கராபா எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. சேசு சபையின் பிரான்சிஸ்கோ தொலேதோவும் அகுஸ்தினார் சபையின் ஆஞ்செலோ ரொக்காவும் உதவிக்கு இருந்தார்கள், ஆனால் கடைசி முடிவு திருத்தந்தையுடையது.

ஆள் தகுதியில்லாதவர் என்று சொல்ல முடியாது. கர்தினாலாக இருந்தபோதே புனித அம்புரோசின் நூல்களைப் பதிப்பித்தவர். ஆனால் அந்தப் பதிப்பிலேயே அவர் பிரதியில் இருப்பதை விட்டுவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதைப் போடுகிறார் என்ற குறை இருந்தது. அதே கையோடுதான் பைபிளுக்குள்ளும் இறங்கினார். கல்தூணை நகர்த்துவதற்கு வேண்டிய குணமும் பிரதி ஒப்பிடுவதற்கு வேண்டிய குணமும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஒட்டுத்துண்டுகள்

புத்தகம் 1590 வசந்தத்தில் தயாரானது. பெரிய ஃபோலியோ (முழுத்தாளை ஒரே முறை மடித்த அளவு), மூன்று பாகம். தலைப்புப் பக்கத்தில் செப்புத்தகட்டு வேலைப்பாடு, திரெந்து சங்கத்தின் கட்டளைப்படி திருத்தப்பட்டு ஐந்தாம் சிக்ஸ்துஸால் சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் தரப்பட்ட பதிப்பு என்று லத்தீனில் போட்டிருக்கும்.

முன்னால் ஓர் ஆணையோலை, 1590 மார்ச் 1 தேதியிட்டது. 'ஏத்தெர்னுஸ் இல்லே' என்று தொடங்கும் அதைப் படித்தால்தான் பின்னால் நடந்ததன் கனம் புரியும். இந்தப் பதிப்புதான் திரெந்து சங்கம் சொன்ன அதிகாரபூர்வ வுல்காத்தா. பத்து வருஷத்துக்கு வத்திக்கான் அச்சகம் தவிர வேறு யாரும் அச்சிடக் கூடாது. அதற்குப் பிறகு அச்சிட்டாலும் இதைப் பார்த்து ஓர் எழுத்துகூட மாறாமல் அச்சிட வேண்டும். ஓரத்தில் வேறு பாடங்களைக் குறிக்கக் கூடாது. மீறினால் பெரும் சபை விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி: அச்சில் புகுந்த பிழைகளை 'நாமே நம் கையால் திருத்தினோம்' என்று திருத்தந்தை சொல்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

நிஜமாகவே கையால் திருத்தியிருக்கிறார்கள். அச்சு முடிந்த பிறகும் பிழைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் காலத்து அச்சில் இது பெரிய தலைவலி. ஈய எழுத்துகளைக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, ஒரு பாரத்தை (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்களை) வேண்டிய பிரதிகளுக்கு அடித்ததும் எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அடுத்த பாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும். அப்புறம் பழைய பக்கத்தில் ஒரு சொல் தப்பு என்று தெரிந்தால் முழுப் பாரத்தையும் மறுபடி கோத்து அடிக்க வேண்டும், காகிதச் செலவு அச்சகத்தையே முழுங்கிவிடும். அதனால் சரியான சொல்லை மட்டும் சின்னத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்து, வெட்டி, தப்பான சொல்லின் மேல் ஒட்டினார்கள். சில இடங்களில் பேனாவால் அடித்து எழுதினார்கள், சில இடங்களில் எழுத்தைச் சுரண்டிவிட்டுத் திருத்தினார்கள்.

விரல் நகத்தளவு காகிதத் துண்டுகளோடு வாசகன் கைக்கு வந்த திருவிவிலியம், அதன் முதல் பக்கத்திலேயே ஓர் எழுத்தை மாற்றினாலும் சபை விலக்கு என்ற எச்சரிக்கை! இதைப் பார்த்த ரோமாபுரி இறையியலாளர்கள் நெளிந்திருக்க மாட்டார்களா?

அப்படியும் தப்பியவை இருந்தன. பெயர்போன உதாரணம் எண்ணிக்கை நூல் 30ஆம் அதிகாரம். மணமான பெண் கணவன் வீட்டில் நேர்ச்சை செய்தால் அது செல்லுமா செல்லாதா என்று பேசும் இடத்தில் 11 முதல் 13 வரையான வசனங்கள் விட்டுப் போயிருக்கின்றன. அப்படி ஒன்றும் இறையியல் பூகம்பம் இல்லை, ஆனால் மூன்று வசனம் மூன்று வசனம்தான். ஒட்டுத்துண்டு போட்டு மறைக்கிற அளவும் இல்லை.

என்னைக் கேட்டால் பிழைகளைவிடப் பெரிய தொந்தரவு வசன எண்கள். இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் எத்தியென் கொடுத்தவை. 1550களில் வந்து சில பத்தாண்டுகளுக்குள் இரு தரப்பிலும் நிலைத்துவிட்டன. சிக்ஸ்துஸ் அதை விட்டுவிட்டுத் தன் சொந்த எண் முறையைப் போட்டார். ஐரோப்பா முழுக்க இருந்த சொல்லடைவுகள், உரைகள், மறையுரைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் வசன எண் சொல்லி மேற்கோள் காட்டியிருப்பார்கள், அவை ஒன்றும் இந்தப் பைபிளோடு ஒத்துப் போகாது. ஒரு சொல் தப்பாக இருந்தால் படிப்பவனுக்கு அந்த இடத்தில் மட்டும்தான் இடறும், எண் மாறினால் மொத்த நூலகமும் ஒரே நாளில் காலாவதி.

ஆகஸ்ட் 27

மே மாதத் தொடக்கத்தில் புத்தகம் வெளிவந்தது, கத்தோலிக்க அரசர்களுக்குப் பிரதிகள் போயின. ஆகஸ்ட் 27 அன்று சிக்ஸ்துஸ் இறந்தார். செப்டம்பர் 5இல் கர்தினால்கள் விற்பனையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய நாலு மாதம்தான் அது கடையில் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். ஏழாம் உர்பான் தேர்ந்தெடுக்கப்பட்டு பதின்மூன்றாம் நாள் மலேரியாவில் போய்விட்டார். பதினான்காம் கிரகோரி பத்து மாதம். ஒன்பதாம் இன்னொசெந்து இரண்டு மாதம். 1592 ஜனவரி 30இல் எட்டாம் கிளமெண்ட் வரும்வரை ரோமுக்குத் தேர்தல் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. அதற்கு நடுவில் இந்தப் பைபிளை என்ன செய்வது என்ற கேள்வி ஆறப் போடப்படாமல் நின்றது.

இங்கேதான் ராபர்ட் பெல்லார்மின் வருகிறார். சேசு சபைக்காரர், புராட்டஸ்டண்ட் வாதங்களுக்கு ஒன்று விடாமல் பதில் எழுதிய 'சர்ச்சைகள்' என்ற மாபெரும் நூலின் ஆசிரியர். அதன் முதல் பாகம் 1586இல் இங்கோல்ஸ்டாட்டில் அச்சானது. எதிர்ப்பக்கத்தில் அதற்குப் பதில் எழுதுவதே சிலருக்கு முழுநேர வேலையாயிற்று. ஆனால் சிக்ஸ்துஸுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கோபம். அரசர்கள் மீது திருத்தந்தைக்கு உள்ள உலக அதிகாரம் நேரடியானது இல்லை, ஆன்மிகக் காரணம் இருந்தால் மட்டும் மறைமுகமாகச் செல்லும் என்று பெல்லார்மின் எழுதியிருந்தார், அது திருத்தந்தைக்குப் பிடிக்கவில்லை. 1590இல் தான் தயாரித்த தடைநூல் பட்டியலில் 'சர்ச்சைகள்' முதல் பாகத்தையும் சேர்த்துவிட்டார். கத்தோலிக்கத் தரப்பின் முதன்மை வாதி, கத்தோலிக்கத் தடைப் பட்டியலிலேயே! அப்போது பெல்லார்மின் திருத்தந்தையின் தூதர் குழுவோடு முற்றுகையிடப்பட்ட பாரிஸில் பட்டினி கிடந்துகொண்டிருந்தார். சிக்ஸ்துஸ் இறந்ததால் பட்டியல் நடைமுறைக்கு வரவில்லை, பெல்லார்மினுடைய பெயரையும் அதிலிருந்து நீக்கினார்கள்.

ரோம் திரும்பிய பெல்லார்மினிடம் கிரகோரி ஆலோசனை கேட்டார். ஒரு பக்கம், இந்தப் பைபிளை வெளிப்படையாகத் தடை செய்துவிடலாம் என்றார்கள் சிலர். பெல்லார்மின் வேண்டாம் என்றார். தடை செய்தால் ஒரு திருத்தந்தை திருவிவிலியத்தில் தவறினார் என்று நாமே ஊருக்கெல்லாம் அறிவித்த மாதிரி ஆகும். அதற்குப் பதிலாகச் சீக்கிரம் திருத்தி, சிக்ஸ்துஸின் பெயரிலேயே மறுபடி அச்சிட்டு, முதல் பதிப்பில் அவசரத்தால் அச்சகத்தாராலோ வேறு யாராலோ சில பிழைகள் புகுந்துவிட்டன என்று முன்னுரையில் சொல்லிவிடலாம். இதையெல்லாம் 1613இல் எழுதிய தன்வரலாற்றில் அவரே சொல்கிறார், என் புத்தகத்தைத் தடை செய்தவருக்குத் தீமைக்கு நன்மை செய்தேன் என்ற தொனியில். வஞ்சம் தீர்த்துக்கொண்டார் என்று சொல்ல இடமில்லாத அளவுக்கு நேர்த்தியான வேலை.

1591இல் புதுக் குழு. ரோமில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தால் ஆயுசு போதாது என்று தெரிந்ததும், கோடையில் சிலரை மட்டும் ரோமுக்கு வெளியே சாகரோலோவில் கர்தினால் மார்க்கந்தோனியோ கொலோன்னாவின் மாளிகைக்கு அழைத்துப் போய் மூன்று வாரத்துக்குள் முடித்தார்கள். பெல்லார்மின் இருந்தார், ஆங்கிலேயக் கர்தினால் வில்லியம் ஆலன் இருந்தார். பழைய கராபா குழுவின் குறிப்புகள் மறுபடி மேசைக்கு வந்தன. எத்தியெனின் வசன எண்களும் திரும்பின.

அந்த முன்னுரை

1592 நவம்பரில் புதுப் பதிப்பு வத்திக்கான் அச்சகத்திலேயே வெளிவந்தது. தலைப்பில் கிளமெண்ட் பெயர் கிடையாது. ஐந்தாம் சிக்ஸ்துஸின் ஆணைப்படி சரிபார்க்கப்பட்டு வெளியிடப்பட்டது என்று மட்டும் இருந்தது. கிளமெண்டின் பெயரையும் சேர்த்துப் போடும் வழக்கம் 1604இல் லியோனில் அச்சான பதிப்பில்தான் தொடங்கியது.

முன்னுரை பெல்லார்மின் எழுதியது. சிக்ஸ்துஸ் தன் பதிப்பை அச்சிட்டு வெளியிடும் தறுவாயில், அச்சின் குறையால் பல பிழைகள் புகுந்திருப்பதைத் தாமே கவனித்து, மொத்த வேலையையும் மறுபடி பட்டறைக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார், சாவு குறுக்கிட்டதால் முடியவில்லை என்று சொல்கிறது. இப்போது அந்த ஆணையோலை வரியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அச்சுப் பிழைகளை நாமே நம் கையால் திருத்தினோம் என்று சொன்னவர், வெளியிடும் தறுவாயில் அல்ல, வெளியிட்டு அரசர்களுக்கும் அனுப்பிவைத்த பிறகு இறந்தவர். அச்சகத்து ஆள் மேல் பழி போட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. வசன எண்ணை மாற்றியது எழுத்துக் கோத்தவனா? குழுவின் திருத்தங்களை ஒதுக்கியது அவனா? பெல்லார்மினுக்கும் அது தெரியும். 1602இல் கிளமெண்டுக்கே எழுதிய கடிதத்தில், தன் சொந்த அறிவை நம்பிப் பைபிளைத் திருத்தப் போய் சிக்ஸ்துஸ் தம்மையும் திருச்சபையையும் எவ்வளவு பெரிய ஆபத்தில் மாட்டினார் என்று நினைவூட்டுகிறார். தனிக் கடிதத்தில் திருத்தந்தையின் குறை, அச்சிட்ட முன்னுரையில் அச்சகத்தின் குறை.

ஆனால் அதே முன்னுரையில் ஓர் அருமையான நேர்மையும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றிய சில இடங்களையும், மக்கள் பழகிவிட்டதால் அவர்கள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமென்றே மாற்றாமல் விட்டோம் என்கிறது. இதுதான் முடிந்த முடிவு என்று அடித்துச் சொல்லாத அந்த ஒரு வரிதான் கிளமெண்ட் பதிப்பைக் காப்பாற்றியது என்பேன். சிக்ஸ்துஸின் பதிப்பு நாலு மாதத்தில் செத்தது, இது 1979 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வ லத்தீன் பைபிளாக இருந்தது.

அதிலும் அச்சுப் பிழை இல்லாமல் இல்லை. 1593இல் இன்னொரு பதிப்பு, 1598இல் இன்னொன்று, அந்த 1598 பதிப்பில் 1592க்கு ஒரு பிழைதிருத்தப் பட்டியல், 1593க்கு ஒன்று, தனக்கே ஒன்று என்று மூன்று பட்டியல்!

பிரதிகள் எங்கே போயின

புதுப் பதிப்பைப் போட்டால் போதாது, பழையது ஊரில் இருக்கக் கூடாது. கிளமெண்ட் காலத்தில் விசாரணை மன்றத்தின் அதிகாரிகளும் சேசு சபையினரும் சிக்ஸ்துஸ் பிரதிகளைத் தேடிப் பிடித்து, விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள். ஆனால் அச்சுப் புத்தகத்தை முழுசாகத் திரும்ப வாங்க யாராலும் முடிந்ததில்லை. ஒன்று போதும், எதிராளி கையில் சிக்க. ஆக்ஸ்போர்டில் தாமஸ் ஜேம்ஸ் என்பவர் கையில் சிக்கியது. பின்னால் பாட்லியன் நூலகத்தின் முதல் நூலகராக ஆனவர் அவர். இரண்டு பதிப்புகளையும் வரி வரியாக ஒப்பிட்டு, ஏறக்குறைய 2,000 வேறுபாடுகளைத் தொகுத்து, 1600இல் லண்டனில் 'பெல்லும் பாப்பாலே' என்று வெளியிட்டார். இரண்டு திருத்தந்தைகள், இரண்டு பைபிள்கள், இரண்டும் அதிகாரபூர்வம், யாரை நம்புவது என்று அவர் கேட்ட கேள்வி அடுத்த நூற்றாண்டுகள் முழுக்க எதிரொலித்தது. பெரும்பாலானவை அற்ப வேறுபாடுகள் என்று கத்தோலிக்கத் தரப்பு பதில் சொன்னது, அது உண்மையும்கூட. ஆனால் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்று முத்திரை குத்திய பிறகு அற்பம் என்ற வாதம் எடுபடாது.

இன்று ஏல அறிவிப்பிலோ நூலகப் பட்டியலிலோ இந்தப் பைபிள் என்று ஒன்று கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு. இரண்டு பதிப்பிலும் சிக்ஸ்துஸ் பெயர் இருப்பதால் அவசரத்தில் ஏமாறலாம். 1590 பிரதியில் திரெந்து சங்கத்தின் பெயரும் 'சிக்ஸ்துஸால் ஒப்புதல் தரப்பட்டது' என்பதும் இருக்கும், 1592இல் 'சிக்ஸ்துஸின் ஆணைப்படி' என்று இருக்கும். அப்புறம் எண்ணிக்கை 30ஐப் புரட்டினால் தெரிந்துவிடும், வசன எண்களும் காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒட்டுத்துண்டுகளின் விளிம்பு தட்டுப்படும். அவற்றைக் கறை என்றோ பழுது என்றோ நினைத்து யாராவது சுத்தம் செய்துவிட்டால் புத்தகத்தின் உயிரே போச்சு.

கடைசியாக, இந்தக் கணக்கு பெல்லார்மின் தலையிலும் விடிந்தது. 1621இல் இறந்தவர். அவரைப் புனிதராக்கும் முயற்சி விரைவில் தொடங்கியும் இழுத்துக்கொண்டே போனது. திருத்தந்தையின் அதிகாரம் பற்றிய அவர் கருத்துகளால் வந்த அரசியல் எதிர்ப்பு ஒரு காரணம். தன்வரலாறும் அந்த முன்னுரையும் இன்னொரு காரணம். 1753இல் கர்தினால் பாசியோனேய் அந்தத் தன்வரலாற்றையே ஆதாரமாகக் காட்டி எதிர்த்து வாதாடினார். 1930இல்தான் பெல்லார்மினுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, அடுத்த வருஷமே திருச்சபையின் மறைவல்லுநர் பட்டமும். சிக்ஸ்துஸுக்கு இன்றுவரை இரண்டும் இல்லை.